என் ஆல்பத்தைப் பார்த்து யாரும் ‘ஏயப்பா’ சொல்வதில்லை

போட்டோ ஒட்டி நான் செய்கிற ஸ்கிராப் புக் ஆல்பத்தைப் புரட்டி முடிக்கிறவர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். “எல்லாம் கரெக்டா இருக்கு.” அழகாயிருக்கு என்று இல்லை, நல்லா வந்திருக்கு என்றுகூட இல்லை. வங்கிக் கணக்கைத் தணிக்கை செய்ய வந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொல்கிற மாதிரி ஒரு பாராட்டு. இதே ஆட்கள் அடுத்ததாக மைனியின், அதாவது அண்ணன் மனைவியின், ஆல்பத்தை மடியில் வைத்து முதல் பக்கத்தைத் திறந்ததும் “ஏயப்பா!” என்பார்கள். அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருக்கிற எனக்கு அது நன்றாகவே கேட்கும். பொறாமை என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். ஒரே குடும்பத்துப் போட்டோக்கள், பாளையங்கோட்டையில் ஒரே கடையில் வாங்கிய சார்ட்டும் பசையும், உட்கார்ந்து ஒட்டுவதும் பெரும்பாலும் ஒரே மேசையில். மைனிக்கு வருவது எனக்கு வரவில்லை, சரி. அப்படியானால் எனக்கு என்னதான் வரும்? வயது நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு பொழுதுபோக்கு விஷயத்தில் இப்படியெல்லாம் யோசிப்பது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனாலும் இது பல வருஷம் உள்ளே கிடந்து உறுத்தியது.

மைனியின் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த உறுத்தல் எவ்வளவு நியாயமானது என்று புரியாது. ஆனித் தேரோட்டத்துக்கு ஒரு பக்கம் செய்தார்கள். பக்கத்தைத் திறந்தால் மடித்துவைத்த கெட்டி அட்டை எழுந்து நின்று தேராகும், வடத்துக்குச் சாக்குத் தைக்கிற நூல், தேரின் தொம்பைகளுக்குப் பழைய பட்டுச்சேலையின் கரையில் எடுத்த துண்டுகள். போட்டோ அந்தத் தேரின் அடியில் சின்னதாக ஒன்றுதான். இன்னொரு பக்கத்தில் பத்தமடைப் பாயின் ஓரத்தில் உதிர்ந்த சாயக்கோரையை எடுத்துச் சட்டம் மாதிரி பின்னி வைத்திருந்தார்கள். கத்தரிக்கோலை அவர்கள் நகர்த்தவே மாட்டார்கள், காகிதத்தைத்தான் திருப்புவார்கள். வளைவு வெட்டும்போது கோல் நிற்க வேண்டும், தாள் சுற்ற வேண்டும் என்று எனக்கும் சொல்லித் தந்தார்கள். தெரிந்துகொண்டேன். ஆனால் தெரிவது வேறு, வருவது வேறு. நான் வெட்டிய வட்டம் எதுவும் இதுவரை வட்டமாக வந்ததில்லை.

வராததை எல்லாரும் எப்படி ஈடுகட்டுவார்களோ அப்படித்தான் நானும் செய்தேன்: வாங்கினேன். பன்னிரண்டு அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் சதுரத் தாள் கட்டு, வாஷி டேப் என்கிற அலங்காரக் காகித ஒட்டுநாடா, பூ வடிவில் குத்தி எடுக்கிற பஞ்ச், கோடு போட்ட வெட்டுப் பலகை, முத்து ஸ்டிக்கர். வீடியோவில் பாடம் நடத்துகிறவர்கள் எல்லாரும் உங்கள் பாணியைக் கண்டுபிடியுங்கள் என்கிறார்கள். பாணி என்பது எது பிடிக்கும் என்பதைப் பற்றியது. எது வரும் என்பது தனிக் கேள்வி, அதை யாரும் தொடுவதில்லை. எனக்கும் தேர் எழுந்து நிற்கிற பக்கம்தான் பிடிக்கும். பிடித்தால் வந்துவிடுமா?

அதோடு இன்னொரு குழப்பம். இந்த வேலையில் முடிந்த பக்கம் மட்டும்தான் பிறர் கண்ணில் படும். அதற்கு முன்னால் நடக்கிறதெல்லாம் மறைந்துபோகும். எதையும் தூரப் போடாமல் சேர்த்துவைக்கிற குணம் என்று ஒன்று உண்டு. டவுனில் எங்கள் மாமா ஒருவர் சில்லறைக்குப் பதில் கடைக்காரர் கொடுத்த மிட்டாய் உறைவரை வைத்திருக்கிறார். நூறு போட்டோவில் எண்பதை ஒதுக்குகிற துணிச்சல் ஒன்று. கேட்டு எழுதுவது, ஆரம்பித்ததை முடிப்பது, இப்படி ஒவ்வொன்றும் தனித்தனிக் கை. ஆனால் ஏயப்பா வாங்குவது வெட்டுகிற கையும் வண்ணம் பார்க்கிற கண்ணும்தான். மற்றதெல்லாம் முன்தயாரிப்பு என்று நாமே தள்ளிவிடுகிறோம். நானும் தள்ளிவிட்டிருந்தேன்.

## அந்த டிசம்பர்

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்ட ஜனங்கள், திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் தாமிரபரணி ஆறு. பெரியம்மை வீடு ஆற்றங்கரையில், சிந்துபூந்துறையில். பெரியம்மையை அதற்கு முன்னாலேயே மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம் என்பதால் ஆளுக்கு ஒன்றுமில்லை. தண்ணீர் வடிந்து நாங்கள் போய்க் கதவைத் தள்ளியபோது அரிசிப் பானை, மிக்ஸி, மெத்தை எல்லாவற்றையும் பார்த்துப் பெரியம்மை ஒன்றும் சொல்லவில்லை. பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்து சேறு வழிகிற ஆல்பங்களைப் பார்த்ததும்தான் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

எல்லாம் அந்தக் காலத்து ஒட்டுப்பக்க ஆல்பம். பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் போட்டோவை வைத்து மூடினால் பிடித்துக்கொள்ளுமே, அது. சும்மா இருக்கும்போதே போட்டோவுக்கு எமன். அதன் பசை வருஷம் ஆக ஆக இறுகிப் போட்டோவை விடாது. இப்போது நனைந்தும் போயிற்று. பக்கத்து வீட்டில் ஆல்பத்தை அப்படியே விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், காயவிடாதீங்க, காய்ந்தால் போச்சு என்று. போட்டோவின் மேல்பரப்பு ஜெலட்டின். தண்ணீரில் ஊறி வழவழவென்று ஆகிவிடும், காயும்போது எதன்மேல் படுகிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கின் மேல் பட்டால் முகமெல்லாம் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். ஈரத்தோடு இருக்கும்போதே, இரண்டு நாளைக்குள் பிரிக்க வேண்டும். அதற்குள் முடியாது என்றால் பிரீசரில் வைத்து உறையவிட்டு அப்புறம் மெதுவாகப் பார்க்கலாம். ஆனால் கரண்டே இல்லாத ஊரில் பிரீசருக்கு எங்கே போவது? வாளித் தண்ணீரில் முக்கியபடியே பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தேன். ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார், மீன் என்று நினைத்திருப்பார்.

மாடி அறையில் பெரியப்பாவின் பழைய வேட்டிகளை விரித்தேன். பல்லிடுக்கு சுத்தம் செய்கிற மெழுகு நூலைப் போட்டோவுக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, இரண்டு முனையையும் பிடித்து அறுக்கிற மாதிரி மெல்ல இழுத்தால் பசை விடும். அப்புறம் கேன் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் ஓரத்தை மட்டும் பிடித்து அலசி, முகம் மேலே இருக்கும்படி வேட்டியில் கிடத்த வேண்டும். வெந்நீர் கூடாது, துணியால் துடைக்கக் கூடாது, நேர் வெயில் கூடாது. இங்க்ஜெட்டில் வீட்டில் எடுத்த பிரிண்ட் என்றால் அலசவே கூடாது, மை ஓடிவிடும். கையால் வண்ணம் தீட்டிய பழைய ஸ்டூடியோப் படமும் அப்படியே. மைனி முதல் ஆல்பத்தைப் பிரிக்கக் கூட உட்கார்ந்தார்கள். அவர்கள் மாமனாரின் முகம், அதாவது எங்கள் அப்பா முகம், பாதி கரைந்து வந்ததைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் கை நிற்கவில்லை.

இப்போது சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். கிடத்தும்போது நான் ஒன்றும் திட்டம் போடவில்லை. வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொன்றையும் தண்ணீரிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு, இது இங்கே இல்லை, இரண்டு முழம் தள்ளி, அந்தக் கறுப்பு வெள்ளைக்குப் பிறகு, இதற்கு முன்னால் என்று வைத்துக்கொண்டே போயிருக்கிறேன். சாயங்காலம் பெரியம்மை மாடிக்கு வந்து வாசல்படியிலேயே நின்றார்கள். வாசலில் அவர்கள் கல்யாணத்துக்கு முந்திய படங்கள், ஜன்னலோரத்தில் பேரன் பேத்திகள், நடுவில் வேட்டிமேல் வேட்டியாக மொத்த வாழ்க்கையும். மெதுவாக ஓரமாகவே நடந்து போனார்கள். பாதியில் நின்று, “இங்கன என்ன காங்கல? பெரிய பையன் தவழுத படம் இருக்கு, அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் போறான். நடுவுல ஒண்ணையும் காணுமே” என்றார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு அவர்களே பதிலும் சொன்னார்கள். “அப்பம் எங்க தம்பி பம்பாய்க்குப் போயிட்டாம்லா. கேமரா அவங்கிட்டதான கிடந்துச்சு.” ஐம்பது வருஷமாக அந்த ஆல்பங்கள் அந்த வீட்டில் இருக்கின்றன. படம் எடுக்க ஆளில்லாமல் போன காலம் ஒன்று நடுவில் இருந்தது என்று வரிசையாகக் கிடத்தின பிறகுதான் தெரிகிறது.

“யாருட்டி இத வரிசை வச்சா?” என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். “எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?” பின்னால் நின்ற மைனி குனிந்து பார்த்துவிட்டு, “எனக்கு ஒரு மாசம் உக்காந்தாலும் இது வராது” என்றார்கள். ஏதோ காலண்டரில் இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்று படிப்பது போன்ற சாதாரணக் குரலில். அந்தக் குரலால்தான் நம்பினேன். தேரை எழுந்து நிற்கவைத்த ஆள், தனக்கு வராத ஒன்று எனக்கு வருகிறது என்று சொன்னால் அது உபசாரமாக இருக்க முடியாது.

## பாலத்துக்கு முன்னால், பாலத்துக்குப் பின்னால்

எப்படி வைத்தேன் என்று அன்று கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது. பிறகு உட்கார்ந்து யோசித்தால் எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. பெரியப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஜங்ஷனில் நிற்கிறார், பின்னால் ஈரடுக்குப் பாலம். பாலம் திறந்தது 1973. ஆகவே அதற்கு முன்னால் அந்தப் படம் போக முடியாது. கையில் கடிகாரம் கட்டியிருக்கிறார், அது மாமனார் வீட்டில் போட்டது என்று ஆயிரம் தரம் கேட்ட கதை. ஓரம் பல்பல்லாக வெட்டிய கறுப்பு வெள்ளை என்றால் பொதுவாக ஐம்பது, அறுபதுகள். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972க்குப் பிறகு, அந்த வருஷ ஆகஸ்டில்தான் பின்கோடே வந்தது. கலர் படம் மொத்தமும் செம்மண் நிறத்துக்குப் போயிருந்தால் எழுபது எண்பதுகளின் பிரிண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்துத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் முதலில் போய்விடும், மிஞ்சுவது சிவப்பு. பஸ்ஸின் பக்கவாட்டில் எங்கள் பக்கத்து அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பழைய பெயரான கட்டபொம்மன் என்று எழுதியிருந்தால் 1997க்கு முந்தியது. கல்யாணப் பத்திரிகையில் ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ என்று அச்சிட்டிருந்தால் இன்னும் சுலபம், தூத்துக்குடி பிரிந்த 1986க்கும் மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பெயரை எடுத்துவிட்ட 1997க்கும் நடுவில் எங்கேயோ ஒரு கல்யாணம்.

ஆல்பத்துக்குள் சொருகியிருந்த ஒரு பத்திரிகையால்தான் அன்றைக்கு ராத்திரி பெரிய விவாதம். பெரியப்பாவின் தங்கை கல்யாணம். ஆங்கிலத் தேதி இருந்த மூலை பிளாஸ்டிக்கோடு பிய்ந்துபோயிற்று. பாலம் கட்டிக்கொண்டிருந்த வருஷம்தான் அந்தக் கல்யாணம், சரக்கு ஏற்றிவந்த வண்டி சுற்றிக்கொண்டு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கு என்று பெரியம்மை ஒரே பிடி. மிச்சமிருந்த வரியில் ‘கொல்லம் 1150 ஆவணி’ என்று இருந்தது. நம் பக்கத்துப் பத்திரிகைக்கு இருக்கிற வசதி இது, மற்ற பல ஜில்லாக்காரர்களுக்குக் கிடையாது. கேரளத்தில் வழங்குகிற கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது, அதிலிருந்து டிசம்பர் வரை 824ஐக் கூட்ட வேண்டும், ஜனவரி பிறந்துவிட்டால் 825. ஆக 1974 ஆவணி. பக்கத்திலேயே ‘ஆனந்த வருடம்’ என்றும் இருந்தது, அதுவும் 1974 சித்திரையில் பிறந்த ஆண்டுதான். இரண்டும் பொருந்திவிட்டது. பாலம் அதற்கு முந்தின வருஷமே திறந்தாகிவிட்டது. பெரியம்மை ஒத்துக்கொள்ளவில்லை, “பாலம் அப்பமும் வேலை நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்கள். எனக்கோ தூக்கமே வரவில்லை. சந்தோஷத்தில்தான்!

இதிலெல்லாம் மாட்டிக்கொள்ளக் கூடிய இடங்களும் உண்டு. போட்டோவின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்திருக்குமே, அதை எல்லாரும் வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள். கேமராவில் பேட்டரி மாற்றினால் அந்தத் தேதி பழையபடி ஆரம்பத்துக்குப் போய்விடும், யாரும் திருத்தமாட்டார்கள். ஆடிச் சாரலில் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருப்பார்கள், மூலையில் ஜனவரி 1 என்றிருக்கும். பத்திரிகையை நம்பலாம், சுவரில் தொங்குகிற சிவகாசிக் காலண்டரை நம்பலாம், அந்த ஆரஞ்சு எழுத்தை மட்டும் விசாரிக்காமல் நம்பக் கூடாது.

## எரிச்சல் காட்டுகிற வழி

இவ்வளவு நாள் இது ஒரு திறமை என்று ஏன் எனக்குப் படவில்லை? சுலபமாக வந்ததால்தான் என்று நினைக்கிறேன். கஷ்டப்பட்டு வருவதைத்தான் நாம் திறமைக் கணக்கில் எழுதுகிறோம். மூச்சு விடுவதுபோல வருவதை, எல்லாருக்கும் வருமே என்று விட்டுவிடுகிறோம். எல்லாருக்கும் வரும் என்று நினைக்கிறதால்தான் மற்றவர்கள் அதைச் செய்யாதபோது கோபமும் வருகிறது. எனக்கு அந்தக் கோபம் எப்போதும் இருந்திருக்கிறது. யார் வீட்டு ஆல்பத்தைப் பார்த்தாலும் தேதி இல்லையே என்று எரிச்சல். போட்டோவின் முதுகு முழுக்கப் பசை தடவி ஒட்டியிருந்தால், பின்பக்கத்து எழுத்தும் முத்திரையும் போச்சே என்று எரிச்சல். இதய வடிவில் வெட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த இதயத்துக்கு வெளியே போனதில்தான் சுவர்க் காலண்டர், கட்டில், தெருவின் பெயர்ப்பலகை எல்லாம் இருந்திருக்கும். மைனிக்கு இதில் ஒன்றும் எரிச்சல் கிடையாது. அவர்களுக்குக் கோணலான ஓரம், மஞ்சள் தாளில் மஞ்சள் சேலைப் படம், இதெல்லாம்தான் உடம்பு கூசும். கேட்டுப் பார்த்தேன். கோணலாக ஒட்டிய பக்கத்தைப் பார்த்தால் தலைவலியே வருமாம்.

ஆகவே, எனக்கு என்ன வரும் என்று கேட்கிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது, பிறர் பக்கத்தைப் பார்க்கும்போது எது உங்களைப் படுத்துகிறது என்பதுதான். முடிந்த பக்கத்தைப் பார்த்து எது பிடிக்கிறது என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். எரிச்சல் ஆளுக்கு ஆள் மாறும். ஸ்கிராப் புக் வேலையில் எரிச்சலுக்குப் பெரிய பரம்பரையே இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873இல் பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவிய ஸ்கிராப் புக் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். ஈரம் தொட்டு ஒட்டினால் போதும். வேண்டிய நேரத்தில் பசைப் புட்டி காய்ந்து கிடப்பதுதான் அந்த மனுஷனைப் படுத்திய விஷயம். இப்போது நாம் செய்கிற மாதிரி ஆல்பம் அங்கே பரவ ஒரு காரணம் என்று சொல்லப்படும் மேரிலன் கிறிஸ்டென்சன் என்ற யூட்டா மாநிலப் பெண்மணியும் 1980இல் தன் குடும்ப ஆல்பங்களைக் கொண்டுபோய்க் காட்டியது கைவினைக் கண்காட்சியில் இல்லை, குடும்ப ஆவணங்களுக்கான மாநாட்டில். படித்தபோது எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது. நம் பக்கத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா இல்லையா, விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர், புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், கத்தரித்த செய்தி என்று சேர்த்துவைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு அதை வைத்துத்தான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமே வந்தது. வரைகிற கை இருந்தும் அதில் பூ போட்டு அலங்கரிக்க அவர் உட்காரவில்லை.

எங்கள் ஆச்சிக்கும் இந்தக் கிறுக்கு உண்டு என்று இப்போதுதான் உறைக்கிறது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து வரிசையாக அடுக்கி டவுனில் பைண்டிங் போடுவார்கள். அந்தக் காலத்தில் பல வீடுகளில் செய்ததுதான். ஆனால் ஏதாவது ஒரு வாரம் கிடைக்காமல் போயிருந்தால் மற்றவர்கள் அதை விட்டுவிட்டு மீதியைச் சேர்த்துத் தைப்பார்கள். ஆச்சி மட்டும் அந்த இடத்தில் வெள்ளைத்தாள் வைக்கச் சொல்வார்கள், மேலே பென்சிலில் ‘இந்த வாரம் வரவில்லை’. பைண்டர் அண்ணாச்சி தாளுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குவார். எதற்கு ஆச்சி வெறுந்தாளுக்குக் காசு என்று கேட்டால், “விட்டுப்போனது தெரியாண்டாமா?” என்பார்கள்.

## கொடுத்துவிட்டது, வைத்துக்கொண்டது

தெரிந்த பிறகு முதலில் நடந்தது, வாஷி டேப்பும் பஞ்சும் முத்து ஸ்டிக்கரும் மைனியின் மகளுக்குப் போனது. வருத்தமாக இல்லை, அலமாரி லேசானது. இப்போது என் பக்கங்கள் முன்னைவிட மொட்டையானவை. அமிலம் இல்லாத கறுப்புத் தாள், நாலு மூலைக்கும் போட்டோ மூலைகள். பசை போட்டோவைத் தொடாது, வேண்டும்போது எடுத்து முதுகைப் பார்க்கலாம். முதுகில் மெதுவான பென்சிலில் பெயர், இடம், வருஷம், அந்த வருஷத்தை எப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு வரி. பால்பாயின்ட் பேனா கூடாது, அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். செலோடேப் வீட்டுக்குள்ளேயே கூடாது. செய்தித்தாள் துண்டை அப்படியே ஒட்டுவதில்லை, மரக்கூழில் உள்ள லிக்னின் அதை மஞ்சளாக்கிப் பக்கத்தில் உள்ளதையும் கெடுக்கும், நல்ல தாளில் நகலெடுத்து வைக்கிறேன். இப்போதைய பஸ் டிக்கெட்டும் நகல்தான், மெஷினில் வருகிற அந்தத் தாள் சூட்டில் எழுத்து விழுகிற ரகம், கொஞ்ச காலத்தில் வெள்ளையாகிவிடும். முந்தியெல்லாம் கலர் கலராகக் கிழித்துக் கொடுப்பார்களே, அது இன்னும் அப்படியே இருக்கிறது. ரயில்வேயின் பழைய அட்டை டிக்கெட் எல்லாவற்றுக்கும் மேல், தேதியே அமுக்கி அடித்திருக்கும், தடவிப் பார்த்தால் விரலில் தெரியும்.

இந்தத் திறமையால் எல்லாம் நன்மையே என்று சொல்ல மாட்டேன். வேலை ஆமை வேகம். ஒரு படத்துக்கு வருஷம் தெரியாவிட்டால் அடுத்ததற்குப் போக மனசு வராது. பெரியவர்களோடு சண்டை. நான் சொல்வது சரியாகவே இருந்தாலும், தன் கல்யாணம் மழையில் நடந்தது என்று நம்பிக்கொண்டிருக்கிற ஆளிடம் அது பங்குனி என்று நிரூபித்து யாருக்கு என்ன லாபம்? வரிசை வைத்தால் சில இடங்களில் வேண்டாததும் வெளியே வரும். சித்தி ஒருத்தி தன் படங்களைக் கொடுத்துவிட்டு, ஒரேயொரு படத்தைக் காட்டி, “இதுக்குக் கீழ மட்டும் வருசம் போடாத” என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் பார்த்தாலே தெரிகிறது. அந்தப் பக்கத்தில் எழுதவில்லை. ஆனால் படத்தின் முதுகில் பென்சிலில் எழுதிவைத்தேன். சித்திக்கு அது தெரியாது. அதுவும் சரியா என்று இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது பெரியம்மைக்காக, வெள்ளத்தில் பிழைத்த படங்களை வைத்து ஒரு ஆல்பம் நானும் மைனியும் சேர்ந்து செய்கிறோம். வரிசையும் எழுத்தும் நான், பக்கம் அவர்கள். கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். நடைமுறையில் தினமும் வாக்குவாதம். மூலையில் கிடக்கிற ஆரஞ்சுத் தேதியை வெட்டி எறிய வேண்டும் என்பார்கள், அது தப்பான தேதி என்று நான்தானே சொன்னேனாம். தப்பாக இருந்தாலும் அது அந்தப் படத்தோடது என்பேன். வெட்டுவதில்லை, மேலே ஒரு சின்னக் காகித மடிப்பு வைத்து மூடுகிறோம், தூக்கிப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம். அதை மைனி ஜன்னல் கதவு மாதிரி செய்துகொடுத்தார்கள், பெரியம்மை பக்கத்தை விட்டுவிட்டு அதைத்தான் திறந்து திறந்து மூடுகிறார்கள். போன வாரம் குற்றாலப் பக்கம். ஐந்தருவிப் படங்களோடு, பச்சைப் பாவாடையில் இரண்டு பிள்ளைகள் நிற்கிற படத்தையும் வைத்தால் வண்ணம் கச்சிதமாகச் சேரும் என்று மைனி வெட்டிய பச்சைத் தாளோடு தயாராக இருந்தார்கள். அது குற்றாலமே இல்லை, பாபநாசம், மூன்று வருஷம் முந்தியது, சின்னவளுக்கு அப்போது முன்பல் விழவில்லை என்று நான் எடுத்துவிட்டேன். பக்கத்தில் ஒரு சதுரம் காலியாகக் கிடக்கிறது.

“அப்பம் அந்த இடத்துல நான் ஒரு பூவ ஒட்டிக்கிடவா? இல்ல, பூவுக்கும் எந்த வருசத்துப் பூன்னு கேப்பியா?”

ஒட்டிக்கிடுங்க மைனி என்றேன்.